பஸ் ஏற மறுப்பதற்கு மூன்று காரணங்கள்: பீதி, சபைக்கூச்சம், மனச்சோர்வு

என் மச்சாள் ஒருத்தி மூன்று வருடமாக எந்தக் கலியாணவீட்டுக்கும் போகவில்லை. சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பஸ்ஸில் வருவதையும் நிறுத்திவிட்டாள். மாமி அதைப் "பஞ்சி" என்றார், சோம்பல் என்று பொருள். பெரியப்பா "எடுப்பு" என்றார், அதாவது செருக்கு. கொழும்பில் இருந்து வந்திருந்த படித்த உறவினர் ஒருவர், "இது மன அழுத்தம், இந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருக்கிறது" என்று சொல்லிக் கதையை முடித்துவைத்தார். மூவரும் அவள்மேல் அன்புள்ளவர்கள்தான். மூவர் சொன்னதும் அவளுக்கு உதவவில்லை.

அவளுக்கு இருந்தவை மூன்று நோய்கள்: பீதிக் கோளாறு, சமூகப் பதகளிப்பு, மனச்சோர்வு. மனநல வைத்தியரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இது எங்களுக்கும் தெரிந்தது. அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. கிளினிக் வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் காத்திருந்த நாட்களில் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதை, இதைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லப் பார்க்கிறேன்.

## சொல்லில் தொடங்கும் குழப்பம்

"மன அழுத்தம்" என்ற சொல்லை நாங்கள் ஒரு சாக்கைப்போல வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு முந்திய பயம், கடன்காரர் தரும் நெருக்கடி, துணையை இழந்த துயரம், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாத நோய், எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். வேலைப்பளுவால் வரும் அழுத்தம் பளு இறங்கினால் இறங்கிவிடும். இங்கே சொல்லப்போகும் மூன்றும் அப்படித் தானாக இறங்குவது குறைவு.

எங்கள் ஊரில் கவலைக்கு "யோசனை" என்றொரு சொல் உண்டு. "யோசிக்காதே" என்றால் "கவலைப்படாதே" என்று பொருள். ஆறுதலாகச் சொல்லப்படும் சொல்தான். ஆனால் யோசிப்பதும் விடுவதும் உன் கையில்தான் இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் அதற்குள் இருக்கிறது. நோயில் கிடப்பவர் காதில் அந்தக் குற்றச்சாட்டுத்தான் முதலில் விழுகிறது.

பதகளிப்பு என்று வைத்தியர்கள் சொல்வது, ஆபத்து வரப்போகிறது என்று உடலும் மனமும் முன்கூட்டியே ஆயத்தமாகி நிற்கும் நிலையை. தமிழ்நாட்டில் பதற்றம் என்பார்கள். அளவோடு இருந்தால் அது காவல்.

## ஓலை விழுந்த சத்தத்துக்குக் குரைக்கும் நாய்

வீட்டில் ஒரு காவல் நாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ளன் வந்தால் குரைப்பது அதன் வேலை. எங்கள் மூளையிலும் அப்படி ஒரு காவல் உண்டு. அமிக்டலா என்ற, வாதுமைக்கொட்டை அளவான பகுதி அதில் முக்கியமானது. ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் முறுகுகின்றன, வியர்க்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு ஆயத்தமாகிவிட்டது. உண்மையிலேயே கள்ளன் வந்திருந்தால் இவ்வளவும் தேவைதான்.

பின்வளவில் ஒரு காய்ந்த பனையோலை விழுகிறது. அதற்கும் நாய் அதே மூச்சோடு குரைக்கிறது. இதுதான் பீதித் தாக்கம்: எதிரே ஆபத்து இல்லாத நேரத்தில் அதே ஆயத்தம் முழு வேகத்தில் கிளம்பி, சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தணிவது. அந்தச் சில நிமிடங்களில் நெஞ்சிடி, மூச்சுமுட்டல், நெஞ்சுநோ, தலைச்சுற்று வரலாம். "செத்துவிடப் போகிறேன்", "விசர் பிடிக்கப் போகிறது" என்ற அச்சம் வரலாம்.

மச்சாளுக்கு முதல் தாக்கம் நாவற்குழிப் பாலத்தில் வந்தது. வைகாசி வெயில், நிற்க இடமில்லாத பஸ். முன் கதிரையின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை விறைத்தது. விரல்கள் உள்ளுக்கு வளைந்து கொண்டன. மற்றக் கையால் இழுத்தும் விரிக்க முடியவில்லை. பக்கவாதம் என்று நினைத்தாள். இறங்கி ஓட்டோ பிடித்து ஒரு வைத்தியசாலைக்குப் போனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை, யோசிக்காதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் விரல்கள் ஏன் வளைந்தன என்று அன்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

காரணம் மூச்சில் இருக்கிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. உதடும் விரலும் விறைக்கின்றன, கை வளைகிறது. காற்றுப் போதவில்லை என்று தோன்றுகிறது, அதனால் இன்னும் வேகமாக மூச்சு இழுக்கிறோம். இப்படித் தாக்கம் தன்னைத் தானே ஊதி வளர்த்துக்கொள்கிறது.

இதில் எண்ணத்துக்கும் பங்கு உண்டு. பிரித்தானிய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986 இல் எழுதிய விளக்கம் இன்றும் சிகிச்சைக்கு அடிப்படையாக இருக்கிறது. உடலில் எழும் சாதாரண மாற்றம் ஒன்றை மனம் பேராபத்தாக வாசிக்கிறது. அந்த வாசிப்பே பயத்தைக் கூட்டுகிறது. பயம் உடல் மாற்றத்தைக் கூட்டுகிறது. நாய் குரைத்ததைக் கேட்ட வீட்டுக்காரர் கள்ளன் வந்துவிட்டான் என்று அலறுகிறார், அவர் அலறலைக் கேட்ட நாய் இன்னும் குரைக்கிறது.

ஒரு தாக்கம் வந்ததும் நோய் என்று சொல்லிவிட முடியாது. காரணமே தெரியாமல் தாக்கங்கள் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற அச்சமோ, அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் பீதிக் கோளாறு. தனிப் பெயர் கிடைத்தது 1980 இல், அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில். நோய் அதைவிடப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைவீரர்களிடம், இதயத்தில் பழுது தெரியாமலே நெஞ்சிடியும் நெஞ்சுநோவும் வருவதை ஜேக்கப் டா கொஸ்டா என்ற வைத்தியர் 1871 இலேயே எழுதிவைத்தார். இன்று பார்த்தால் அவர்களில் பலருடைய அறிகுறிகள் இதனோடு ஒத்துப்போகின்றன.

இந்தப் பகுதியில் மனத்தில் வைக்க வேண்டியது: தாக்கத்தில் வரும் உடல் உணர்வுகள் உண்மையானவை, நடிப்பில்லை. அவற்றுக்கு மனம் கொடுக்கும் பொருளில்தான் பிழை இருக்கிறது. அதற்காக, முதல்முறை நெஞ்சுநோ வரும்போது "இது பீதிதான்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இதயத்தையும் தைரொயிட்டையும் இரத்தச்சோகையையும் வைத்தியர் பார்த்துத் தள்ளிவைத்த பிறகுதான் இந்தப் பெயர்.

## அடக்கமான பிள்ளை

சபைக்கூச்சம் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. நோயாகும்போது அதைச் சமூகப் பதகளிப்பு என்கிறார்கள்: மற்றவர் பார்வையில் படும் இடங்களில் குறை காணப்படுவேன், வெட்கப்பட்டுப் போவேன் என்ற அச்சம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுக்கும் நிலை. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது.

எங்கள் மண்ணில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். வகுப்பில் வாய் திறக்காத பெண்பிள்ளை "அடக்கமான பிள்ளை" என்று பெயர் வாங்குகிறாள். நண்பர்களே இல்லாத பையன் "சோலி சுரட்டு இல்லாதவன்". ஊரார் மெச்சும் குணத்துக்குள் நோய் ஒளிந்திருக்கிறது என்று தாய்க்கு எப்படித் தோன்றும்? மச்சாள் பதின்மூன்று வயதில் இருந்தே பஸ்ஸுக்குச் சரியான சில்லறையைக் கைக்குள் சுருட்டி வைத்திருப்பாள். மிச்சக் காசு கேட்க வேண்டி வந்தால் நடத்துநரோடு பேச வேண்டும், பேசினால் குரல் நடுங்கும், நடுங்கினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். பதினொரு வருடம் இதை யாரும் கவனிக்கவில்லை. சில்லறையைச் சரியாக வைத்திருக்கும் ஒழுங்கான பிள்ளை என்றுதான் நானும் நினைத்தேன்.

கூச்சம் ஏன் பழகப் பழகத் தேய்ந்து போவதில்லை? ஒன்று, கவனம் எதிரே இருப்பவரில் இல்லை. தன் குரல், தன் கை, தன் முகம் என்று உள்ளேயே நிற்கிறது. எதிரே இருப்பவர் சிரித்தாலும் கண்ணில் படுவதில்லை. இன்னொன்று, சில்லறையைச் சுருட்டி வைப்பது போன்ற காப்பு நடத்தைகள். பயந்த காரியம் நடக்காமல் தடுக்க மறைவாகச் செய்யும் சின்னச் சின்ன ஏற்பாடுகளுக்கு அந்தப் பெயர். அன்று ஒன்றும் நடக்கவில்லை என்றால், "சில்லறை வைத்திருந்ததால் தப்பினேன்" என்றுதான் மனம் கணக்கு எழுதுகிறது. பேசியிருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்பதை அது கற்றுக்கொள்வதே இல்லை.

## பஞ்சி என்று பெயர் வாங்கிய சோர்வு

மனச்சோர்வு என்பது துக்கத்தின் பெரிய அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அழாமலே மனச்சோர்வில் இருக்கலாம். இரண்டு கிழமைக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருப்பது அல்லது எதிலும் விருப்பமோ இன்பமோ இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதனோடு நித்திரை, பசி, உடற்பலம், ஒருமுகப்படும் திறன் ஆகியவை கெடுகின்றன. நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணமும் சில நேரம் சாவைப் பற்றிய எண்ணமும் சேர்கின்றன.

எங்கள் ஆட்கள் பலர் மனம் சரியில்லை என்று வைத்தியரிடம் சொல்வதில்லை. கைகால் உளைவு, தலையிடி, சாப்பாடு மனமில்லை என்பார்கள். வீட்டில் அதற்குப் பெயர் பஞ்சி. பஞ்சிக்காரருக்கு வேலையில்தான் மனமில்லை, பிடித்த சாப்பாட்டிலும் படத்திலும் மனம் இருக்கும். மச்சாள் கூழ் என்றால் உயிரை விடுவாள். அந்த வருடம் மாமி காய்ச்சி வைத்த ஒடியற்கூழ் அவள் கோப்பையில் ஆறி ஆடை கட்டியதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

## நிலத்துக்கடியில் ஒன்றாகும் கிணறுகள்

மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தாயிற்று. இனி அவை ஏன் சேர்ந்து வருகின்றன?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் மண்ணில் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தேங்குகிறது; அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். மேலே பார்த்தால் உன் கிணறு, என் கிணறு என்று வேலி பிரிக்கிறது. கீழே நீர் ஓடும் கல் ஒன்று. ஒரு வளவின் அழுக்கு இன்னொரு வளவின் வாளியில் வருவது அதனால்தான். ஒரு கிணற்றை மோட்டர் வைத்து மிதமிஞ்சி இறைத்தால் அடியில் கிடக்கும் உவர்நீர் மேலேறுவதும் அதனால்தான்.

இந்த நோய்களுக்கும் அடிக்கல் பொதுவானது. எளிதில் கலங்கும் சுபாவம் ஓரளவுக்குப் பரம்பரையாக வருகிறது. அதற்கென்று ஒரேயொரு மரபணு கிடையாது, ஆயிரக்கணக்கான சிறு பங்குகள் சேர்கின்றன. அதன்மேல் சிறுவயதுத் துன்பம், இழப்பு, இடப்பெயர்வு, நீண்ட நோய் எல்லாம் இறங்குகின்றன. ஒரே நிலத்தில் இருந்து ஒருவருக்குப் பீதியாகவும் இன்னொருவருக்குச் சோர்வாகவும் ஊறுகிறது. சிலருக்கு எல்லாமே ஊறுகிறது. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட நோய் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைக் கூட்டு நோய்நிலை என்பார்கள். இது அபூர்வம் இல்லை. அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2003 இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதாவது பெரும் மனச்சோர்வு வந்தவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ஏதாவதொரு பதகளிப்பு நோயும் வாழ்நாளில் வந்திருந்தது.

எங்கள் மாவட்டத்திலும் ஒரு கணக்கு உண்டு. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு அது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. போர் என்றதும் எல்லோரும் பேசும் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் (PTSD) அறிகுறிகள் 7 பேரிடம்தான். வினாக்கொத்தில் தெரிந்த அறிகுறிகள் இவை. வைத்தியர் உறுதிசெய்த நோய்கள் என்று கொள்ளக் கூடாது. 33 ஐயும் 22 ஐயும் கூட்டவும் கூடாது, ஒரே ஆள் இரண்டிலும் இருக்கலாம். ஆனாலும் இந்த எண்கள் எனக்குப் பெரிய செய்தி. போரின் வடு என்று பெரிதாகப் பேசிய நாங்கள், அதைவிடப் பரவலாகக் கிடந்த பதகளிப்பையும் சோர்வையும் பஞ்சி, யோசனை என்று கடந்துபோயிருக்கிறோம்.

## ஒன்று மற்றொன்றை இழுப்பது

பொதுவான நிலம் பாதிக் கதைதான். கிணறுகள் ஒன்றையொன்று இழுக்கவும் செய்கின்றன. இழுக்கும் கயிற்றுக்குப் பெயர் தவிர்த்தல்: பயம் தரும் இடத்துக்குப் போகாமல் இருந்து அந்த நேர நிம்மதியை வாங்குவது.

மச்சாளின் கதையில் இது அப்படியே தெரிகிறது. கூச்சம் முதலில் வந்தது. பேச வேண்டிய இடங்களை விலக்கினாள், நண்பர்கள் குறைந்தார்கள். இருபத்துநான்கு வயதில் பாலத்தில் தாக்கம் வந்தபோது, சாவுக்குப் பயந்த அளவுக்கு, பஸ் முழுவதும் தன்னைப் பார்த்ததற்கும் வெட்கப்பட்டாள். இப்போது பஸ்ஸுக்கு இரண்டு பயம். பஸ் இல்லை என்றால் பட்டணத்து வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கையில் காசு இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு நல்ல செய்தி இல்லை, நாளில் ஒரு சிறு வெற்றிகூட இல்லை. மனம் மகிழ்வதற்கு வெளியில் இருந்து ஏதாவது கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வரத்து நின்று எட்டு மாதத்தில் சோர்வு வந்தது.

சோர்வு வந்ததும் அது திரும்பி மற்ற இரண்டையும் வளர்த்தது. நித்திரை கெட்ட உடம்பில் காவல் நாய் இன்னும் எளிதில் குரைக்கும். நான் உதவாதவள் என்ற எண்ணம், ஊரும் அப்படித்தான் நினைக்கிறது என்ற கூச்சத்துக்குச் சாட்சியாகிறது. எல்லோருக்கும் இதே வரிசை இல்லை. சோர்வில் தொடங்கிப் பீதிக்குப் போவோரும் உண்டு. சமூகப் பதகளிப்பு முந்தி வந்து சோர்வு பிந்தி வருவது பரவலாகக் காணப்படும் பாதை.

ஆண்களைப் பற்றி ஒன்று. கலியாணவீட்டுக்கு முன் "ஒரு கிளாஸ்" எடுத்தால் கூச்சம் விடுகிறது என்று தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். மது இறங்கும்போது பதகளிப்பு முன்னைவிடக் கூடும், சோர்வும் ஆழமாகும். வீட்டார் குடியைத் திட்டித் தீர்க்கிறார்கள். அடியில் இருக்கும் பயத்தைக் கேட்பார் இல்லை.

சுருக்கமாக: மூன்றுக்கும் நிலம் பொது. தவிர்த்தல் அவற்றைப் பிணைக்கிறது. பிணைந்த பிறகு எது முதல், எது பின் என்பது நோயாளிக்கே மறந்துவிடும்.

## கேட்க வேண்டிய கேள்வி

பஸ்ஸில் ஏறாத மூவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்க மூவரும் ஒன்று. "ஏறினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். "நெஞ்சு நின்றுவிடும், இறங்க வழி இருக்காது" என்றால் அது பீதியின் பேச்சு. "எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்" என்றால் சமூகப் பதகளிப்பு. "போய் என்ன காண?" என்றால் சோர்வு. மச்சாள் மூன்று பதிலையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

இங்கே ஒரு பரவலான தவறு நடக்கிறது. பீதித் தாக்கம் என்பது காய்ச்சலைப் போன்றது. பல நோய்களில் வரலாம். மேடையேறும்போது மட்டும் தாக்கம் வருபவருக்கு இருப்பது பெரும்பாலும் சமூகப் பதகளிப்பு. தாக்கத்தை மட்டும் பார்த்துப் பீதிக் கோளாறு என்று முடிவுகட்டினால் மற்றது கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

## சிகிச்சையும் ஓரளவு பொதுவானது

நிலம் பொதுவாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. செர்ட்ராலின், ஃப்ளுவோக்ஸெட்டின் போன்ற, மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருளில் வேலை செய்யும் மாத்திரைகள் மூன்று நோய்க்கும் பயன்படுகின்றன. இதை வைத்துச் செரோட்டோனின் குறைந்ததால்தான் நோய் வந்தது என்று சொல்வது அவசரம். பனடோல் போட்டுக் காய்ச்சல் விட்டது என்பதற்காக உடம்பில் பனடோல் குறைந்திருந்தது என்று சொல்வோமா? பலன் தெரிய இரண்டு முதல் ஆறு கிழமை ஆகலாம். முதல் சில நாட்களில் பதகளிப்புச் சற்றுக் கூடவும் கூடும். இதைச் சொல்லி வைக்காததால் பலர் நான்காம் நாளே மாத்திரையை எறிந்துவிடுகிறார்கள். நிறுத்துவதையும் வைத்தியர் சொல்லும் வேகத்தில்தான் செய்ய வேண்டும். டயசிபாம், அல்பிரசோலம் போன்றவை உடனே அமைதி தரும். நீண்ட நாள் எடுத்தால் அவை இல்லாமல் முடியாத நிலை வரலாம்.

இன்னொரு வழி அறிவுநடத்தைச் சிகிச்சை: பயத்தின் வாசிப்பைச் சோதித்துப் பார்த்து, தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பப் போவது. இங்கேதான் மூன்றையும் பிரித்து அறிந்தது உதவுகிறது. பீதிக்கு, வைத்தியர் அனுமதித்த பிறகு, நின்ற இடத்தில் ஓடி நெஞ்சிடியை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானே தணிவதைப் பார்க்கச் சொல்வார்கள். கூச்சத்துக்குக் காப்பு நடத்தைகளை ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டும். சோர்வுக்கு, விருப்பம் வரும்வரை காத்திராமல் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்ய வேண்டும். விருப்பம் பிறகு வரும். சோர்வு கடுமையாக இருந்தால், சாவு பற்றிய எண்ணம் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைத்தான் பார்க்க வேண்டும். அப்படி எண்ணம் இருப்பவரிடம் நேரே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வளராது. அவரைத் தனியே விடாதீர்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

நூல் கட்டுவதையும் கோயிலுக்கு நேர்வதையும் நான் தடுக்கச் சொல்லவில்லை. மாமி மச்சாளுக்கு நூல் கட்டுவித்தார், அதே கையோடு கிளினிக்குக்கும் கூட்டிவந்தார். அதனால் மச்சாளுக்கு நட்டம் எதுவும் வரவில்லை.

முதல் கிழமை அவளுக்குக் கொடுத்த வேலை, கைதடி வரை பஸ்ஸில் போய் இறங்கித் திரும்புவது. நான்காம் மாதம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தாள். நெஞ்சு இடித்தது, இறங்கவில்லை. கலியாணவீடுகளுக்கு இன்னும் போகவில்லை. ஒரு செத்தவீட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தாள். போன மாதம் கிடைத்த வேலை வேறு: சில்லறை எடுத்துப் போகக் கூடாது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னுக்குப் போய்விட்டார். செம்மணி தாண்டும்வரை இருந்து பார்த்துவிட்டு, திரும்பி, "அண்ணா, என் மிச்சக் காசு" என்று கேட்டாள்.